டிவிக்காரன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்

அம்மிணி, அப்புச்சி சொல்றேன் கேளு. உன்ற பையனுக்குச் சோறு ஊட்டறப்ப டிவியை மட்டும் அணைச்சுப்போடாதே. அணைச்சா, வயிறு ரொம்புனதும் "போதும்"னு எந்திரிச்சுப் போயிருவான். டிவி ஓடுனா அந்த நெனப்பே வராது. மூணு இட்டிலி திங்கறவன் அஞ்சு திம்பான். "இன்னைக்குத்தான் புள்ளை வவுறாரச் சாப்பிட்டான்"னு நீயும் உங்கம்மாளுக்குப் போனு போட்டுச் சொல்லிக்கலாம்.

அதுலயும் சோட்டா பீம் ஓடுனா இன்னும் விசேசம். 2008ல ஆரம்பிச்ச பொம்மைப் படம், அந்தப் பையன் இன்னும் லட்டுத் தின்னுட்டே இருக்கறான். லட்டு உள்ள போனதும் கை முறுக்கேறுது, எதிரி பறக்கறான். இத்தனை வருசமாத் தின்னும் டாக்டரு ஒரு வார்த்தை கேக்கல. அதே ஊர்ல காலியான்னு ஒரு குண்டுப் பையன் இருக்கறான். வம்பு பண்றவன் அவன், பொறாமை புடிச்சவன் அவன், கடைசில மூக்கறுபடறவனும் அவனேதான். இதுலருந்து எனக்கு வெளங்குனது என்னன்னா, நல்லவன் தின்னா லட்டு பலமாகும், கெட்டவன் தின்னாத் தொப்பையாகும். அதனால உன்ற பையனை நல்லவனா வளத்திரு, சக்கரையை அது தானாப் பாத்துக்கும். பள்ளிக்கூடத்துல சதை வெச்ச பசங்களுக்கு என்ன பட்டப்பேரு வெக்கறாங்கன்னு மட்டும் அவங்கிட்டக் கேட்டுப் பாரு. சிரிச்சுட்டே சொல்லுவான்.

படத்துக்கு நடுவுல வர்ற விளம்பரத்தையும் வுட்டுறாதே. பால்ல ரெண்டு கரண்டி பொடி கலந்து குடிச்ச பையன் செவுத்துல கோடு போட்டு ஒசரம் பாக்கறான். ஒசரத்தை அளக்கறாங்களே, சுத்தளவை எவனாவது அளந்து காட்டறானா? 2024ல மத்திய சர்க்காரு, போன்விட்டா மாதிரிப் பொடியையெல்லாம் "ஆரோக்கிய பானம்"னு போட்டு விக்காதீங்கன்னு ஆன்லைன் கடைக்காரங்களுக்குச் சொல்லிப்போடுச்சு. அப்படி ஒரு வகையே உணவுச் சட்டத்துல இல்லையாமா. இத்தனை வருசம் அதை ஆரோக்கியம்னு ஆத்திக் குடுத்த தாய்மாரெல்லாம் என்ன பண்றதுன்னு யாரும் சொல்லல. 2022ல இன்னொரு விதி வந்துது: சிப்ஸு, கலரு விளம்பரத்தைப் புள்ளைங்க நிகழ்ச்சியில போடக்கூடாது. நல்ல விதிதான். ஆனா உன்ற பையன் ராத்திரி அமுச்சி மடியில படுத்துட்டு மாமியா மருமக சண்டையும் கிரிக்கெட்டும் பாக்கறான். அதெல்லாம் பெரியவங்க நிகழ்ச்சி, அங்க விதிக்கு வேலையில்ல.

சீமை டிவி இன்னும் கெட்டி. 2005ல பிபிசில "ஹனி, வீ ஆர் கில்லிங் த கிட்ஸ்"னு ஒரு நிகழ்ச்சி. புள்ளை திங்கறதைக் கணக்கெடுத்து, இப்படியே தின்னா 40 வயசுல எப்படி இருப்பான்னு கம்ப்யூட்டர்ல படம் போட்டுப் பெத்தவங்களுக்குக் காட்டுவாங்க. அழுகாத தாய் உண்டா? அப்பறம் கொஞ்ச வாரம் பத்தியம், ஓட்டம், கண்டிப்பு. கடைசில அழகா ஒரு படம். நம்ம ஊர் சோசியக்காரன்கூடப் பரிகாரத்துக்கு ஒரு மண்டலம் கேப்பான்.

டாக்டருக்குப் படிக்கற நம்ம பேரன் ஒரு கணக்குப் படிச்சுக் காட்டுனான். யார்க் பல்கலைக்கழகத்துக்காரங்க பல ஆராய்ச்சியை ஒட்டுக்காச் சேத்து 2016ல வெளியிட்டது. குண்டாயிருக்கற புள்ளை பெருசானப்பறமும் குண்டா இருக்கறதுக்கு மத்ததுகளைக் காட்டிலும் அஞ்சு மடங்கு வாய்ப்பாமா. பயந்துட்டியா? அதே கணக்குல, குண்டாயிருக்கற பெரியவங்கள்ல நூத்துக்கு 70 பேரு சின்ன வயசுல குண்டே இல்லையாமா. உங்க மாமனையே பாரு. சின்னதுல அவன் நெஞ்செலும்பை எண்ணலாம். இப்பச் சட்டை பொத்தான் மாட்ட மாட்டேங்குது. அவன் சின்ன வயசு போட்டாவை அந்தக் கம்ப்யூட்டர்ல போட்டிருந்தா அது என்னத்தைக் கண்டிருக்கும்?

இன்னொண்ணும் படிச்சான். ஸ்டான்ஃபோர்டு டாக்டரு தாமஸ் ராபின்சன் 1999ல எழுதுனது. சான் ஹோசேங்கற ஊர்ல ரெண்டு பள்ளிக்கூடம், மூணாவது நாலாவது படிக்கற பசங்க. ஒரு பள்ளிக்கூடத்துல மட்டும் ஆறு மாசம், டிவியும் வீடியோ கேமும் பாக்கறதைக் கொறைங்கன்னு பாடம் நடத்துனாங்க. லட்டைத் தொடாதேன்னு பத்தியம் சொல்லல, மைதானத்தைச் சுத்துன்னு வெரட்டல. அந்தப் பசங்க டிவி முன்னால உக்காந்து சாப்பிடற வேளை கொறைஞ்சுது, மத்தப் பள்ளிக்கூடத்துப் பசங்களை வுடச் சதை ஏறறதும் கொறைஞ்சுது. குண்டுப் புள்ளையைப் பத்தி டிவி எத்தனையோ கதை சொல்லுது அம்மிணி. தாய் குத்தம், லட்டு குத்தம், புள்ளை குத்தம். இந்தக் கதையை மட்டும் எந்தச் சேனல்லயும் நான் பாத்ததில்ல.

சரி, கெழவன் பேச்சை வுடு, பொழுது போயிருச்சு. பையனுக்குச் சோத்தைப் போடு. ரிமோட்டைத் தேடாதே, எங்கியோ வெச்சேன், வயசாச்சு பாரு, மறந்து போச்சு. பள்ளிக்கூடம் தொறக்கற அன்னைக்கு ஞாவகம் வந்துரும்.