பிராணவாயுவின் ஜோடிப் பிடிவாதம்: ஓர் ஆராய்ச்சி

மானிடர்க்கு நேரும் துயரங்களைத் தன்னால் வரும் ஆத்யாத்மிகம், பிற உயிர்களாலும் பொருள்களாலும் வரும் ஆதிபௌதிகம், தெய்வத்தால் வரும் ஆதிதைவிகம் என மூவகையாக வகுத்த முன்னோர், சிதைவு வினைகளின் சமன்பாட்டைச் சமன்செய்யப் புகுந்த பள்ளி மாணாக்கன் படும் துயரம் எவ்வகையைச் சார்ந்தது என்று சொல்லாமற் போனது பெருங்குறையாதலின், அதனை நிரப்புவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

ஒரே சேர்மம் வெப்பத்தாலோ ஒளியாலோ மின்சாரத்தாலோ இரண்டும் பலவுமாகப் பிரிதல் சிதைவு வினையாம். பாகப்பிரிவினை என்றால் பங்கு குறைவதும் வழக்கு வளர்வதும் குடும்பங்களின் இயல்பு. ரசாயனத்திலோ, 100 கிராம் சுண்ணாம்புக்கல் காளவாயில் வெந்து 56 கிராம் சுட்ட சுண்ணாம்பும் 44 கிராம் கரியமில வாயுவுமாகப் பிரிந்தபின்னும் கணக்கு நேராகவே நிற்கும். இவ்வினை தானே சமனாய் இருத்தலின் யாரையும் வருத்துவதில்லை.

வருத்தம் தொடங்குவது பிராணவாயு வெளிப்படும் இடத்திலேதான். 1774 ஆகஸ்ட் 1 அன்று பெரிய பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்து, பாதரச ஆக்ஸைடைச் சுட்டு, அவ்வாயுவைப் பிரித்தெடுத்த ஜோசப் பிரீஸ்ட்லி, இன்றைய குறியீடுகள் தோன்றுமுன்பே 1804இல் காலமாகிவிட்டமையால், தம் வினையைத் தாமே சமன்செய்ய வேண்டாத பாக்கியசாலியானார்.

நமக்கோ அப்பாக்கியம் இல்லை. தனியணுவாய்ப் புறப்படச் சம்மதியாமல் ஜோடி ஜோடியாகவே வெளியேறும் பிடிவாதம் பிராணவாயுவுக்கு உண்டு. பொட்டாசியம் குளோரேட்டில் இருப்பனவோ அதன் மூன்றணுக்கள். ஆகவே குளோரேட்டை இரண்டாக்கி, ஆறணுக்களை மூன்று ஜோடிகளாக அனுப்பிவைத்து, எஞ்சும் பொட்டாசியம் குளோரைடையும் இரண்டென எழுதினால், 245 கிராம் 149 ஆகவும் 96 ஆகவும் பிரிந்து, இங்கும் கணக்கு நேராகவே நிற்கும்.

ஜடப்பொருளின் பிடிவாதத்தால் விளைதலின் இத்துயரம் ஆதிபௌதிகமே. ஆயினும் இதனைத் தாமே வருவித்துக்கொண்டு ஆத்யாத்மிகம் ஆக்குவாரும் உளர். ஹைட்ரஜன் பெராக்ஸைடு நீராகவும் பிராணவாயுவாகவும் சிதையுமிடத்து, இவர்கள் பிராணவாயுவின் காலடியிலுள்ள 2ஐ ரப்பரால் அழித்து, கணக்கு நேராயிற்றென்று மகிழ்வர். எண்ணிக்கை சரியாயினும், எஞ்சும் ஒற்றையணு நாம் சுவாசிக்கும் வாயு அன்று. பெராக்ஸைடு இரண்டு, நீர் இரண்டு, பிராணவாயு ஒன்று என்பதே சாஸ்திர சம்மதமான விடை. வினாத்தாளில் எந்தச் சமன்பாடு வரும் என்பது மட்டும் ஐயத்துக்கிடமின்றி ஆதிதைவிகம்.

ஆதலின் மாணாக்கர்களே, மூலக்கூற்றின் முன்னே நிற்கும் எண்ணை வேண்டியமட்டும் மாற்றுங்கள். காலடியில் நிற்கும் எண்ணை ஒருபோதும் தொடாதீர்கள். பிராணவாயுவின் அணுக்கள் ஒற்றைப்படையில் மிஞ்சினால், தயங்காமல் சேர்மத்தை இரட்டிப்பாக்குங்கள்.