ஏழு சானல் ஆசாமி

ரிமோட் கார் பித்துப் பிடித்தவர்களில் பல ரகம் உண்டு. வாரம் தவறாமல் டயர் மாற்றுகிறவர் ஒரு ரகம். பாடிக்குப் பார்த்துப் பார்த்து பெயிண்ட் அடித்துவிட்டு, கீறல் விழுந்துவிடும் என்று தரையிலேயே விடாதவர் இன்னொரு ரகம். இவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். காரை ஓட்டும் டிரான்ஸ்மிட்டரைத் தேர்ந்தெடுப்பதையே பொழுதுபோக்காக வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் இருக்கிறார் பாருங்கள், அவரிடம் மாட்டினால் அந்த ஞாயிற்றுக்கிழமை போனதுதான்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். சென்னைப் புறநகரில், பிளாட் போட்டு இன்னும் விற்காத ஏதாவது ஒரு மனையில் காலை ஏழு மணிக்கு நாலைந்து பேர் கார் விட்டுக்கொண்டிருப்பார்கள். எல்லோர் கண்ணும் காரின் மேல் இருக்கும். ஒருவர் கண் மட்டும் மற்றவர்களின் கைகளையே மேய்ந்துகொண்டிருக்கும். நாற்பதைத் தாண்டிய வயது, வங்கியிலோ ஐ.டி. கம்பெனியிலோ நல்ல உத்தியோகம். தோளில் ஒரு பை. அதற்குள் குட்டி ஸ்க்ரூடிரைவர் செட், பென்சில் பேட்டரிகள், காருக்குள் பொருத்தி டிரான்ஸ்மிட்டரின் சேதியை வாங்கும், தீப்பெட்டியைவிடச் சிறிய ரிசீவர்கள் ஒரு கொத்து. அவரிடமும் கார் உண்டு. அது அவருடைய நிஜக் காரின் டிக்கியில் இருக்கும். ஏன் சார் இறக்கவில்லை என்றால், "ரேடியோ இன்னும் ஃபைனல் ஆகலையே" என்பார்.

இந்த வித்தை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இப்போது பெரும்பாலோர் வைத்திருக்கும் டிரான்ஸ்மிட்டருக்குத் துப்பாக்கிப் பிடி இருக்கும். இடக்கை ஆள்காட்டி விரலில் டிரிகர். இழுத்தால் வண்டி முன்னே போகும், வெளியே தள்ளினால் பிரேக், அப்புறம் ரிவர்ஸ். பக்கவாட்டில் ஸ்பாஞ்ச் சுற்றிய குட்டி ஸ்டியரிங்; அது வலக்கைக்கு. ஸ்டியரிங்குக்கு ஒரு சானல், வேகத்துக்கு ஒரு சானல். ஆக மொத்தம் இரண்டு சானல் இருந்தால் கார் ஓடும். நம்மவர் ஏழுக்குக் குறைந்த எதையும் தொடமாட்டார்.

"மூணாவது லைட்டுக்கு. நாலாவது கியருக்கு. அஞ்சாவது வின்ச்சுக்கு."

"ஆறு, ஏழு?"

"பின்னால தேவைப்படும் சார்."

பாறை ஏறுகிற கிராலர் வண்டிக்கு இந்தக் கணக்கு நியாயமானதுதான். முன் டிஃபரன்ஷியலை ஒரு சானலில் பூட்டுவார்கள், பின்னதை இன்னொன்றில். கியர் தனி, வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் வின்ச் தனி. ஆனால் அவர் டிக்கியில் தூங்குவது டாமியாவின் டி.டி.-02. தார்ரோட்டில் ஓடுகிற சாதுவான வண்டி. அதற்கு கியரும் கிடையாது, வின்ச்சும் கிடையாது.

அவர் ஒரு டிரான்ஸ்மிட்டரைப் பரிசோதிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். யாராவது ஒரு பையன் புதிதாக ஒன்று கொண்டுவந்திருப்பான். "ஒரே நிமிஷம் தம்பி" என்று வாங்கிக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். ஸ்டியரிங்கை இடக்கோடிக்குத் திருப்பி விடுவார். அது ஸ்பிரிங் வேகத்தில் நடுவுக்கு வந்து நிற்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். காதை அருகில் கொண்டுபோய் மறுபடி ஒரு தடவை. "டென்ஷன் கொஞ்சம் ஜாஸ்தி. கீழ ஒரு ஸ்க்ரூ இருக்கும், கால் திருகு லூஸ் பண்ணு." அடுத்து டிரிகர். அரை மில்லிமீட்டர் இழுப்பார், விடுவார், இழுப்பார். "நடுவுல ஒரு ஆட்டம் இருக்கே, கவனிச்சியா?" பையன் கவனித்திருக்கமாட்டான். பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்து எடை பார்ப்பார். போட்டு எடை பார்ப்பார். இடக்கைக்காரர் பிடிக்கிற மாதிரி மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பார். அவர் வலக்கைக்காரர். பையனின் கார் இவ்வளவு நேரமும் மனை நடுவே தலைகுப்புறக் கிடக்கும். கச்சேரி நேரம் முழுக்கத் தம்புராவுக்குச் சுருதி சேர்த்துவிட்டு மங்களத்துக்குப் போகிற பாகவதர் இவர்.

கம்பெனிகளின் ஜாதகம் அவருக்கு மனப்பாடம். சான்வா, ஃபுட்டாபா, கே.ஓ. ப்ரோபோ என்ற மூன்று ஜப்பான் பெயர்களையும் குலதெய்வம் மாதிரி உச்சரிப்பார். சான்வாவின் எம்.17-ஐப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஃபுட்டாபாவின் 10 பி.எக்ஸ்.-ல் கொண்டுபோய் முடிப்பார். இந்த வரிசையில் ஒன்றை நம்மூரில் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் செலவு அரை லட்சத்தை எட்டிப் பார்க்கும். அதில் அவர் காரைப் போல இரண்டு கார் வாங்கிவிடலாம். இந்த வாக்கியத்தை அவர் மனைவி காதுபட மட்டும் சொல்லிவிடாதீர்கள். நடுவில் ஃப்ளைஸ்கை நோபிள் என்ற சீன ரேடியோ வந்தது. பாதி விலைக்கும் கீழே, தொடுதிரையோடு. அவருக்கு ஒரு மாதம் தூக்கம் போயிற்று. அதிலிருந்து தேறி வரும்போது ரேடியோமாஸ்டர் எம்.டி.12. உள்ளே ஓடுகிற மென்பொருள் எட்ஜ்-டி.எக்ஸ்., திறந்த மூலநிரல். விஷயம் தெரிந்தவர் உள்ளே கைவைத்து இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். ஐ.டி.க்காரரிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? அந்த வருஷம் அவர் மைதானத்துப் பக்கம் லேப்டாப்போடுதான் வந்தார்.

எல்லாவற்றையும் தூக்கி அடிக்கும் விஷயம் மில்லி விநாடி. ஸ்டியரிங்கை நாம் திருப்பிய கணத்துக்கும், அந்தச் சேதி ரேடியோவில் போய், சக்கரத்தைத் திருப்பும் சர்வோ மோட்டாரை எட்டும் கணத்துக்கும் இடையில் ஒரு தாமதம் உண்டு. பழைய முறையில் ரிசீவர் சர்வோவுக்கு 20 மில்லி விநாடிக்கு ஒரு தரம்தான் சேதி அனுப்பும். இன்றைய உயர்ந்த ரக ரேடியோக்கள் அதை இரண்டு மூன்று மில்லி விநாடிக்குக் கொண்டுவந்துவிட்டன. நம்மவரின் கவலையெல்லாம், இவர் பார்த்து வைத்திருக்கும் இரண்டு மாடல்களுக்கு நடுவே உள்ள நாலு மில்லி விநாடி வித்தியாசம்தான்.

"நாலு மில்லி செகண்ட்ல வண்டி எவ்வளவு தூரம் போயிடும் தெரியுமா?"

தெரியும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி நாலு மில்லி விநாடியில் நாலரை சென்டிமீட்டர் போகும். சுவர் வருகிறது என்று கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அசைவதற்கு சாதாரண மனிதனுக்கு 200 மில்லி விநாடி ஆகும். அதற்குள் வண்டி இரண்டு மீட்டருக்கு மேல் போயிருக்கும். ரிமோட் கார் பந்தயத்தில் உலகப் பட்டம் 14 தடவை வாங்கிய மசாமி ஹிரோசாக்காவின் மட்டத்தில் இந்த நாலு மில்லி விநாடிக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. கையில் டீ கிளாஸ் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு என்ன மதிப்பு என்றுதான் கேட்கிறேன். இதை நேரில் கேட்டும் பார்த்தாயிற்று. "அதனாலதான் சார் ரேடியோவாவது வேகமா இருக்கணும்" என்றார். வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த ஆசாமிகளிலேயே மூத்த ரகம் ஒன்று இருக்கிறது. தலை நரைத்தவர், கிரிஸ்டல் காலத்து மனிதர். அவரைத் தூண்டிவிட்டால் பேச்சு 27 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும். அப்போதெல்லாம் டிரான்ஸ்மிட்டரில் ஒரு கிரிஸ்டல், ரிசீவரில் ஒரு கிரிஸ்டல், ஜோடியாகச் செருக வேண்டும். பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஆறு நிறம். சிவப்புக்காரர் ஓட்டும்போது இன்னொரு சிவப்புக்காரர் ஆன் செய்தால் இரண்டு வண்டியும் பேயாட்டம் ஆடும். அதற்காகவே களத்தில் ஒரு பலகை வைத்து, நிறத்துக்கு ஒரு கிளிப் மாட்டியிருப்பார்கள். கிளிப்பை எடுத்துச் சட்டையில் செருகியவருக்குத்தான் ஓட்டும் உரிமை. பக்கத்துத் தெருக் குழந்தையின் பொம்மைக் காரும் அதே 27-ல் ஓடும். ஆயிரக்கணக்கில் கொட்டிச் செய்த பந்தய வண்டியை அது சாக்கடை வரை அழைத்துப் போயிருக்கிறது என்று பெரியவர் சொல்லும்போது குரலில் வருத்தமே இருக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்ததும் அந்தச் சண்டை தீர்ந்தது. அலைவரிசைக்கு அலைவரிசை தாவிக்கொண்டே இருப்பதால் ஒரே களத்தில் பத்து வண்டி விட்டாலும் ஒன்றோடொன்று மோதாது. மோதினால் ஓட்டினவர்தான் காரணம். ரிசீவரை ஒரு தடவை 'பைண்ட்' செய்துவிட்டால் தன் எஜமானரைத் தவிர வேறு யார் பேச்சையும் அது கேட்காது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு கம்பெனியின் டிரான்ஸ்மிட்டர் பேசும் பாஷை இன்னொரு கம்பெனியின் ரிசீவருக்குப் பொதுவாகப் புரியாது. ஒரே கம்பெனியிலேயே தலைமுறை மாறினால் சில சமயம் புரியாது. நம்மவர் வாங்காமல் இருப்பவர் இல்லை. வாங்குவார், ஸ்டியரிங்கை நாலு நாள் திருப்புவார், அடுத்த மாடல் அறிவிப்பு வந்ததும் விற்பார். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன்தான் இந்தப் போக்குவரத்தின் அச்சாணி. வயர்லெஸ் சாதனத்தை வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரவழைத்தால் வயர்லெஸ் சாதனங்களுக்கான அரசு அனுமதியான டபிள்யூ.பி.சி. சான்றிதழ் எங்கே என்று சுங்கத்தில் கேட்பார்கள். அதனால் பையனின் சூட்கேஸ். லீவுக்கு வரும்போதெல்லாம் ஒன்று கொண்டுவருகிறான், போகும்போது போன தடவை கொண்டுவந்ததை அங்கே விற்க எடுத்துப் போகிறான்.

"மாமா, ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"பின்பக்கம் பாருடா. டிரிம் பட்டன் இடம் மாறியிருக்கு."

"ஏங்க, போன வாட்டி வந்ததும் இதே கருப்பு டப்பாதானே?" என்று சமையற்கட்டிலிருந்து கேள்வி வரும். பதில் வராது.

இப்படி டிரான்ஸ்மிட்டர்கள் கடல் தாண்டிப் போய்விட, ரிசீவர்கள் மட்டும் இங்கேயே தங்கிவிடும். அந்தத் தோள்பையில் இருக்கிற கொத்து அதுதான்: எந்த எஜமானரும் இல்லாத ரிசீவர்கள்.

தற்போது கையில் இருப்பதில் நாற்பது காருக்கான நினைவு வசதி உண்டு. நாற்பதுக்கும் பெயர் வைத்துவிட்டார். மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று, தாருக்கு ஒன்று. எல்லாம் அந்த ஒரே டி.டி.-02-க்கு. டெலிமெட்ரியும் உண்டு, வண்டியின் பேட்டரி வோல்டேஜையும் மோட்டார் சூட்டையும் ரிசீவர் திருப்பி அனுப்ப, திரையில் எண் ஓடும். சோதித்துப் பார்க்கிறேன் என்று டிக்கியில் இருக்கும் காரை ஆன் செய்துவிட்டு வந்து, 38 டிகிரி என்று படித்துத் திருப்தியோடு தலையாட்டுவார்.

இவ்வளவு சொன்னாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மைதானத்தில் யாருக்காவது வண்டி மக்கர் செய்தால் அவரைத்தான் தேடுவார்கள். ஒரு பையனின் வண்டி, ஸ்டியரிங்கைக் கோடிக்குத் திருப்பும்போதெல்லாம் 'ங்ங்' என்று முனகியது. நம்மவர் குனிந்து கேட்டார். சக்கரம் முட்டுக்கு வந்து நின்ற பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டே இருக்கிறது. இப்படியே விட்டால் அது சூடாகிக் கருகும். மெனுவில், ஸ்டியரிங் திரும்பும் எல்லையை வைக்கும் எண்ட் பாயிண்ட் என்ற இடத்துக்குப் போய் 100-ஐ 85 ஆக்கினார். முனகல் நின்றது. இரண்டாயிரம் ரூபாய் சர்வோ பிழைத்தது. இன்னொருவர் ஆண்டெனா ஒயரைச் சுருட்டி மோட்டார் அடியில் திணித்திருந்தார். "நுனியில மூணு சென்டிமீட்டர்தான் சார் நிஜ ஆண்டெனா, அது வெளிய நிமிர்ந்து நிக்கணும்" என்று டியூபுக்குள் விட்டு நிறுத்தினார். வளைவில் வண்டியைச் சுவரில் சாத்திய ஒருவருக்கு மட்டும் "எக்ஸ்போ வைங்க" என்றார்; திருப்பலின் தொடக்கத்தை மென்மையாக்கும் மெனு வசதி அது. அவருக்குத் தேவைப்பட்டது பயிற்சி. ஆனால் பயிற்சிக்கு மெனுவில் இடமில்லையே.

புதிதாக வருகிற எல்லோரிடமும் அவர் கேட்கும் கேள்வி, "ஃபெயில்சேஃப் செட் பண்ணியாச்சா?" இது மட்டும் வீண் கேள்வி கிடையாது. சிக்னல் அறுந்தால் வண்டி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பல ரேடியோக்களில் நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால், ஒன்றரைக் கிலோ எடை மணிக்கு 40 கிலோமீட்டரில் யார் கணுக்காலுக்கு வேண்டுமானாலும் போகலாம். சோதிப்பது எளிது: சக்கரம் தரையில் படாமல் காரைத் தூக்கிப் பிடித்து, டிரிகரை லேசாக இழுத்தபடி டிரான்ஸ்மிட்டரை அணைக்க வேண்டும். சக்கரம் நிற்க வேண்டும். மற்றபடி எப்போதும் டிரான்ஸ்மிட்டர் முதலில் ஆன், காரே முதலில் ஆஃப்.

அவரைப் பார்த்து நீங்களும் ஒன்று வாங்கலாம் என்று நினைத்தால், முதல் காருக்கு மூன்று நாலு சானல் தாராளம். எண்ட் பாயிண்ட், ஸ்டியரிங் திரும்பும் அளவைக் கூட்டிக் குறைக்கும் டூயல் ரேட், ஃபெயில்சேஃப் இருக்கிறதா என்று பாருங்கள். பிடி உங்கள் கைக்கு அடங்குகிறதா என்று பாருங்கள். மிச்சப் பணத்துக்கு நல்ல டயரும் இன்னொரு பேட்டரியும் வரும். ஒரு கார் சீக்கிரமே மூன்றாகும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிசீவர் வேண்டும். அதனால் கடைக்காரர் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே, உபரி ரிசீவர் ஒன்று என்ன விலை என்று கேட்டுவிடுங்கள்.