பின்வளவில் ஒரு குளம்

கேள்வி: பிள்ளைகளுக்காகப் பின்வளவில் நிலத்துக்கு மேல் வைக்கும் நீச்சல் குளம் வாங்கியிருக்கிறோம். பம்புக்குக் குசினியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்தால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணா. வயரிங் பாஸ் வேணுமா?
– ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: கட்டாயம் வேணும், தங்கச்சி. அண்ணா அன்பாகத்தான் சொல்கிறார். 230 வோல்ட்டுக்கு அண்ணா, தம்பி தெரியாது. நனைந்த உடம்பு மின்சாரத்துக்குத் திறந்துவிட்ட படலை. தகைமைச் சான்றிதழ் உள்ள பாஸைக் கூப்பிடுங்கள். பம்புக்குத் தனி லைன், நல்ல எர்த், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் மூன்றும் வேணும். பிளக் பொயின்ட் குளத்திலிருந்து மூன்றரை மீற்றருக்கு அப்பால் இருக்கட்டும்.

திருகோணமலைக் கடற்காற்றை மறக்காதீர்கள். எங்கள் வீட்டு வெளிச் சுவிட்சைக் கழற்றினால் பித்தளை முழுக்கப் பச்சை பூத்திருந்தது. திருகாணி விரலோடு உதிர்ந்து வந்தது. தண்ணீர் புகாத பெட்டிதான் சரி.

மாதம் ஒருமுறை ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். 'டொக்' என்று விழ வேணும். விழாவிட்டால், பாஸ் வந்து பார்க்கும்வரை பிள்ளைகளுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுதான்!