லேலண்டு அரிவாளின் பூர்வீகம்: ஓர் ஆய்வு

கீழ்ப்பழனி மலையில் காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் பெரும்பாறை வட்டாரத்தில், ஓர் அரிவாளின் உயர்வை நிலைநாட்ட வேண்டுமெனில் 'இது லேலண்டுப் பட்டை' என்று சொன்னால் போதும், எதிர்வாதம் அடங்கிவிடும். பட்டை என்பது லாரியின் அச்சுக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்து கிடந்து பாரம் தாங்கும் வில்தகடாகும். அது தளர்ந்தோ முறிந்தோ பழைய இரும்புக் கடைக்கு வந்து, எடைக்கு விலைபோய், கொல்லுப்பட்டறையில் மறுபிறவி எடுக்கிறது.

இப்பெயரை முறைப்படி ஆராயப் புகுவோர் முதலடியிலேயே இடறுகின்றனர். லேலண்டு உருக்கின் பெயரன்று; இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ஓர் ஊரின் பெயர். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அவ்வூரின் பெயர் தாங்கிய கம்பெனியோடு சேர்ந்து 1955இல் அசோக் லேலண்டு ஆயிற்று. லாரிக் கம்பெனி உருக்குக் காய்ச்சுவதில்லை. வில்தகட்டை அதற்கென உள்ள ஆலைகள் செய்து தருகின்றன. அவ்வாலைகளோ பட்டைக் கம்பியை உருக்காலைகளிடம் வாங்குகின்றன. ஆகவே காய்ச்சியவர், வளைத்தவர், அடித்துக் கூராக்கியவர் ஆகிய மூவரையும் விட்டுவிட்டு, அத்தகட்டின்மேல் சவாரி செய்த வண்டியின் பெயரையே அரிவாள் சுமக்கிறது.

இத்தகைய தகட்டு உருக்குகளின் ஏட்டுப் பெயர்களுள் ஒன்று இ.என்.45. நூற்றுக்கு அரைப்பங்குக்குச் சற்று மேலான கரியும், ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை சிலிகானும் கலந்தது இது. கரி கூரைத் தாங்கும் கடினத்தையும், சிலிகான் வளைந்தபின் நிமிரும் குணத்தையும் வளர்க்கின்றன. நிழல்மரக் கிளைக்கு ஓங்கிய வெட்டு தவறிப் பாறையில் விழுந்தால் இவ்வரிவாள் மழுங்குமேயன்றி எளிதில் தெறிக்காது. இ.என். என்பது இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் தன் உருக்குகளை வரிசைப்படுத்தி இட்ட 'அவசர எண்' என்பர். போர் முடிந்து எண்பது ஆண்டு ஆகியும் அவசரம் தீரவில்லை. தற்காலிகப் பேருந்து நிலையங்களில் காத்திருந்து பழகிய தமிழ் வாசகர்க்கு இதில் வியப்பிராது.

வண்டியின் பெயரால் உருக்கை அழைப்பது நாட்டுப்புற அறியாமை என்பாரும் உளர். அவர்கள் ஜப்பானின் யசுகி நகரை நோக்குவார்களாக. அங்கே ஹிட்டாச்சி மெட்டல்ஸ் (இப்போது புரொட்டீரியல்) காய்ச்சிய, சமையல் கத்திகளுக்குப் பேர்போன உருக்குகள் வெள்ளைக் காகிதம், நீலக் காகிதம், மஞ்சள் காகிதம் என்றே வழங்குகின்றன. நிறம் உருக்கினுடையதன்று, அதில் ஒட்டிய காகிதத்தினுடையது. துணிக்கடைப் பையின் நிறத்தால் புடவையைத் தரம் பிரிப்பதை இது ஒக்கும். அந்நாட்டின் டகெஃபு நிறுவனத்து வி.ஜி.10இல் உள்ள 'ஜி' தங்கத்தைச் சுட்டுவது. உருக்கிலோ குன்றிமணித் தங்கமும் இல்லை. இவற்றோடு ஒப்பிட, மலைப்பாதையில் பாரம் சுமந்த வரலாற்றையே பெயராகக் கொள்வது ஓரளவு நேர்மையானது என்பதே இவ்வாய்வின் துணிபு.

பழைய அரத்தில் அடித்ததே கத்தி என்று சாதிக்கும் மாற்றுக் கட்சியும் உண்டு. அரத்தில் கரி மிகுதி, ஆதலால் கூர் நெடுநாள் நிற்கும். கீழே விழுந்தால் இரண்டு துண்டாவதும் உண்டு.

உண்மையில் பெயர் எதுவாயினும் முடிவு தோய்ச்சலில் இருக்கிறது. தோய்ச்சலாவது, காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சிய அலகை எண்ணெயில் முக்கி இறுகச் செய்து, பின் இளஞ்சூட்டில் பதப்படுத்துவது. பதம் ஏறும்போது, துலக்கிய அலகின் மேல் முதலில் வைக்கோல் மஞ்சளும், பிறகு பழுப்பும், ஊதாவும், நீலமும் ஒன்றையொன்று துரத்தி ஓடும். மஞ்சளில் நிறுத்தினால் கூர் கடினமாகும். நீலம் வரை விட்டால் அலகு துவளும், கூர் விரைவில் மழுங்கும். இந்தச் சில நொடிகளில் கொல்லரின் கவனம் கைப்பேசிக்குத் திரும்பினால் லங்காஷயரும் யசுகியும் துணைக்கு வரா.

வாங்குவோர்க்கு இந்நிறங்கள் தெரியா. சாணை பிடிக்கையில் அழிந்துவிடுகின்றன. ஆகவே சிலர், தகடுகளைச் சேர்த்துப் பூட்டும் சென்டர் போல்ட்டின் துளை பிடியருகே தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் லேலண்டு என்று மனநிறைவோடு பணத்தை எண்ணிக் கொடுக்கின்றனர். இரும்பில் துளைபோடும் எந்திரம் அனேகமாக எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது.