மின்கம்பியில் வரும் இன்டர்நெட்

சுவருக்குள் ஏற்கெனவே கம்பி ஓடுகிறது, இன்டர்நெட்டும் அதிலேயே ஓடட்டும் என்பதுதான் பவர்லைன் அடாப்டரின் தத்துவம். பெட்டியில் 600 எம்பிபிஎஸ் என்று கொட்டை எழுத்து. பல மாடல்களில் கேபிள் செருகும் துளையோ 100-ஐத் தாண்டாது; மிச்சம் 500 அட்டைப்பெட்டிக்கே சொந்தம் போலும். அந்த 100-உம் சும்மா வராது. மலிவு சார்ஜரும் மிக்ஸியும் அதே கம்பியில் இரைச்சல் போடும். சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால், அது சிக்னலையும் குப்பை என்றே வடிகட்டிவிடலாம். (கடமை தவறாத பெட்டி.) மாடியறை வேறு ஃபேஸில் இருந்தால் சிக்னல் தள்ளாடித்தான் போய்ச் சேரும். ஏவி2 என்ற தரத்தில் வரும் அடாப்டர்களில் விலை கூடியவை எர்த் கம்பியையும் துணைக்கு அழைக்கும். நம் பழைய வீடுகளில் பிளக் பாயிண்டின் மூன்றாவது துளை இருக்கிறது. அதன் பின்னால் எர்த் இருக்கிறதா என்பது எலக்ட்ரீஷியனுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.