பொட்டலத் தாத்தா

காஞ்சிபுரத்தில் கல்யாண வீட்டுக்குப் போனால் தாம்பூலப் பையில் தேங்காய் வரும். பிள்ளையார்பாளையத்தில் சில வீட்டு வாசலில் சும்மா நின்றாலே விதை வரும். தேதி காலண்டரில் கிழித்த தாளை மடித்த பொட்டலம். மேலே பேனாவில் ‘அரக்கு’, ‘மாம்பழ மஞ்சள்’, ‘வாடாமல்லி’. வாங்குகிறவர் பட்டுச் சேலைக்குச் சாம்பிள் நூல் என்று நினைப்பார். பிரித்தால் ஜினியா விதை.

அப்படி விதை கொடுக்கிற பொட்டலத் தாத்தா தறிக்குழியில் கால் தொங்கவிட்டு நாற்பது வருஷம் உட்கார்ந்தவர். முட்டி போனதும் தறியை விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினார். (முட்டி வலிக்கு மாடிப்படி என்ன மருந்தோ!) பெயிண்ட் வாளி, ஓட்டை அண்டா, கோயில் இட்லி வேகவைத்து நைந்த மூங்கில் குடலை எல்லாம் அவர் கண்ணுக்குத் தொட்டிதான்.

“வெயில் விழுதா? அது போதும். அரை நகம் ஆழத்துல போடு, நாலஞ்சு நாள்ல முளைச்சிடும். பாவு ஏத்தி மூணு சேலை அறுக்கறதுக்குள்ள பூத்துடும்” என்பார். ஏறக்குறைய இரண்டு மாசம். அதுவும் உண்மைதான். நாற்றுப் பிடுங்கி நட்டால் ஜினியா முகம் சுளிக்கும். இருக்கிற இடத்திலேயே விதைத்துவிட வேண்டும். நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் பூ கூடும். கிள்ளும்போது பக்கத்து வீட்டம்மா “பாவம்யா” என்று பதறுவார்.

அதே அம்மா இன்னொரு நாள் கேட்டார்: “வாசனையே இல்லையே தாத்தா, சாமிக்கு ஆகுமா?”

“தலை நிறைய கனகாம்பரம் வெச்சிருக்கியே, அதுல என்ன வாசனையைக் கண்டே?”

பேச்சு அதோடு முடிந்தது.

விதை எடுப்பதைத்தான் பார்க்க வேண்டும். காய்ந்து பழுப்பேறிய பூவை உள்ளங்கையில் வைத்துக் கசக்குவார். வாடிய இதழின் அடியில் அம்பு முனைபோலத் தட்டையாக ஒரு விதை. ஜரிகையைத் தொட்டே தரம் சொன்ன விரல், அதையும் நகத்தால் அழுத்திப் பார்க்கும். வளைந்தால் பதர். ஊதிவிடுவார்.

ஆனால் பொட்டலத்தில் எழுதிய நிறத்தை நம்ப வேண்டாம். அவர் மாடியில் தொட்டிகள் கோர்வைச் சேலை மாதிரி நிற்கும்: உடலுக்கு மஞ்சள், கரைக்கு அரக்கு. கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா வேண்டும் என்பது தேனீக்குத் தெரியாதே. மகரந்தம் கலந்து அடுத்த வருஷம் அரக்கு விதையில் ரோஸ் பூக்கும். “சாயம் ஓடிடுச்சு” என்று சமாளிப்பார்.

கண்புரை ஆபரேஷனுக்குப் போன இடத்திலும் ஜினியா பேச்சை விடவில்லை. ஜெர்மனியில் யோஹான் கோட்ஃப்ரீட் சின் என்று ஒருவர். மனிதக் கண்ணின் அமைப்பைப் பற்றி 1755இல் புத்தகம் போட்டவர், 1759இல் 31 வயதில் போய்விட்டார். மெக்சிகோவிலிருந்து வந்த இந்தப் பூவுக்கு லின்னேயஸ் வைத்தது அவர் பெயரைத்தான். “கண்ணு லென்ஸைத் தாங்குற நாருக்கும் அவர் பேர்தாம்மா” என்று நர்ஸிடம் ஆரம்பித்தார். “கண்ணை மூடுங்க தாத்தா” என்றார் நர்ஸ், சொட்டு மருந்தோடு.

மருமகள் இலைமேல் தண்ணீர் தெளித்தால் மட்டும் கோபம் வரும். “வேருக்கு ஊத்து! ஆகாசத்துல விண்வெளி நிலையத்துல வளர்த்த ஜினியாவுக்கே ஈரம் அதிகமாகிப் பூஞ்சை பிடிச்சுதாம், 2016 ஜனவரியில தப்பிப் பிழைச்சுப் பூத்துது” என்பார். மார்கழியில் எப்படியும் சாம்பல் நோய் வரும். சின்னக் காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயில் பக்கத்து வைணவர் வீட்டு ஜினியாகூட அப்போது திருநீறு பூசிக்கொண்டு நிற்கும். செடிகளை நெருக்கி வைத்தால் இன்னும் பலமான பூச்சு.

அவருக்கு ஒரே குறை உண்டு. முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்வித்த அந்த ‘எம்.எஸ். ப்ளூ’வில் ஒரு ஜினியா வேண்டும். அதற்காக ஒரு வெற்றுப் பொட்டலத்தில் பெயரை எழுதியே வைத்திருக்கிறார். அது நிரம்பப்போவதில்லை, ஜினியாவில் நீலம் கிடையாது. நீலப் பூ படம் போட்ட விதைப் பாக்கெட்டை யாராவது நீட்டினால் வாங்கிவிடாதீர்கள், அது கம்ப்யூட்டரில் போட்ட சாயம்.