ஆள் பார்த்து ஏறும் தண்ணீர்

"எவ்வளவு தண்ணி வந்துச்சுண்ணே?" என்று கேட்டால் அண்ணன் உடனே பதில் சொல்ல மாட்டார். கேட்கிற ஆளை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார். பிறகுதான் வலது கை கிளம்பும். அது கணுக்காலில் நிற்குமா, முழங்காலில் நிற்குமா, இடுப்புக்கு ஏறுமா என்பது எதிரில் நிற்பவரின் உத்தியோகத்தைப் பொறுத்தது.

ஃபுளோரிடாவில் டாம்பா வளைகுடா ஓரமாக வீடு வாங்கிய நம்மவர்கள் எல்லோருக்கும் இப்படி ஓர் அண்ணன் வாய்த்திருப்பார். எனக்கு வாய்த்தவர் பக்கத்து வீடு. இடம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஷோர் ஏக்கர்ஸ். புயலே வேண்டாம், பௌர்ணமிக்குக் கடல் கொஞ்சம் பொங்கினாலே மழைநீர் வடிகால் வழியாக ஏறித் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் புயல் எங்களுக்கு வெகுதொலைவில், கடலோடு கடலாக வடக்கே போய்விட்டது. கடலை மட்டும் எங்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்தது. கணக்கு வேண்டுமானால் நான் சொல்கிறேன்: என் கூடத்தில் மூன்றடி. அவர் வீட்டுத் தரையும் என் வீட்டுத் தரையும் ஒரே மட்டம்.

முதலில் வந்தவர் வெள்ளக் காப்பீட்டு அட்ஜஸ்டர். அண்ணனின் கை இடுப்பில் தொடங்கியது. அந்த மனிதர் குறிப்பேட்டைத் திறந்ததும் மார்புக்கு ஏறியது. மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், சாமான்களுக்கு 1,00,000. அண்ணன் வீட்டுச் சாமான்கள் அன்று காலையிலிருந்து ஒரு லட்சத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தன. யாரோ ஊருக்குத் திரும்பும்போது இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன சோபா, இத்தாலியத் தோல் ஆகிவிட்டது. "இவரைக் கேளுங்க, இவர் பார்த்தார்" என்று என்னைக் காட்டினார். நான் இருமினேன்.

நனைந்த சோபாக்கள் தெருவோரம் மலைபோலக் கிடக்கும்போதே, பதின்மூன்றாம் நாள் மில்டன் புயல் வந்தது. இது காற்று. ஊர் நடுவே இருக்கும் ட்ராபிகானா மைதானத்தின் கூரையையே கிழித்துப் போட்ட காற்று. இப்போது வந்தவர் வேறு கம்பெனி ஆள், வீட்டுக் காப்பீடு. அந்தக் காப்பீட்டில் காற்று உண்டு, வெள்ளம் கிடையாது. மேலிருந்து வந்த தண்ணீருக்கு இவர், கீழிருந்து வந்த தண்ணீருக்கு அவர்.

"வெள்ளமா? எங்கே?" என்றார் அண்ணன். கை நேராக ஆகாயத்தைக் காட்டியது. கூரை ஷிங்கிள் பறந்து, மழை உள்ளே கொட்டி, சுவரெல்லாம் ஊறிப்போனதாம். சுவரில் தரையிலிருந்து மூன்றடியில் பழுப்புக்கோடு ஒன்று ஓடுகிறதே என்று அந்த ஆள் கேட்டார். "டிசைன்" என்றார் அண்ணன். சூறாவளி என்றால் காப்பீட்டுத் தொகையில் இரண்டு சதவீதம் முதலில் நம் தலையில். நாலு லட்சத்துக்கு எடுத்திருந்தால் 8,000 டாலர் போச்சு. பாலிசியிலேயே அச்சடித்திருக்கும் அந்த இரண்டை ஒன்றரையாக்கச் சொல்லி அரைமணி நேரம் பேரம் பேசினார். கத்தரிக்காய்க்காரர்கூட அவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டார்.

மூன்றாவது நகராட்சி. பழுதுபார்க்கும் செலவு கட்டடத்தின் மதிப்பில் பாதியைத் தொட்டுவிட்டால், இன்றைய வெள்ள விதிப்படி வீட்டையே உயர்த்தியாக வேண்டும். எனவே அன்று தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வரவில்லை. "செருப்பு நனைஞ்சுது, அவ்வளவுதான்." மறுபடி, "இவரைக் கேளுங்க." மறுபடி இருமினேன். அவர் வீட்டு அக்கா ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினார், பாவம்.

வீட்டின் விலையும் இப்படித்தான், நகராட்சிக்கு மாளிகை, வரி போடும் கவுண்டிக்குக் குடிசை. அதை விடுங்கள்.

வீடு வாங்க வருகிறவர்களிடம் கை அசையவே அசையாது. "நம்ம தெருவா? ஒரு சொட்டு வராது." இதை எப்படி இவ்வளவு திருத்தமாகச் சொல்கிறேன் என்றால், எனக்கே அதைத்தான் சொன்னார். 2024 பிப்ரவரியில், கையில் காப்பி டம்ளரோடு, "கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க தம்பி" என்றார். அதற்கு ஆறு மாதம் முன்புதான், 2023 ஆகஸ்டில், இடாலியா புயலின் வெள்ளம் அவர் கூடத்துக்குள் வந்து போயிருக்கிறது. புது பெயின்ட் வாசனை அடித்தது. புத்தியில்லாமல், வீட்டை நன்றாக வைத்துக்கொள்கிற மனிதர் என்று மெச்சினேன். இதில் சிரிக்க எனக்கு ஒன்றுமில்லை. முப்பது வருடக் கடன் அது.

வீடு விற்பவர் வெள்ள விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் இங்கே 2024 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஹெலீனுக்கு ஐந்து நாள் கழித்து. எனக்கு எட்டு மாதம் கழித்து.

இப்போது அண்ணன் வீட்டை விற்கிறார். போன ஞாயிறு அந்தப் படிவத்தோடு வந்தார்.

"எத்தனை அடின்னு எங்கே எழுதணும் தம்பி?"

அப்படி ஓர் இடம் அதில் இல்லை. வெள்ளத்துக்குக் காப்பீடு கேட்டதுண்டா, வெள்ளத்துக்காக உதவி வாங்கியதுண்டா. உண்டு, இல்லை என்று கட்டங்கள். காட்டினேன்.

"உயரம் கேக்கவே இல்லையா?"

"இல்லண்ணே."

படிவத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வலது கை வழக்கம்போல் கிளம்பி, முழங்கால் வரை போய், அங்கே வேலையில்லாமல் சற்று நின்று, பிறகு கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது.